அவரை யார் காப்பாற்றச் சொன்னது?

செய்தி கைப்பேசியில், நம் பணிமனைக் குழுவில் வந்தது. "படகுத் தாத்தா காலமானார்" என்று ஒரு வரி. அதன் கீழே கும்பிடும் கைகளும் அழும் முகங்களும் வரிசையாக. அனுப்பியவர் நம் பழைய சகா. இறந்தவருக்கு ஆரோக்கியசாமி என்று ஒரு பெயர் உண்டு. பென்னாகரம் தடத்தில் அவர் பேருந்து ஓட்ட, நான் சீட்டுக் கிழித்தேன். எங்கள் பாதி ஆயுள் அதிலேயே போனது. கூட வேலை பார்த்தவரின் பெயரை எழுதக்கூட உங்களுக்குக் கை வரவில்லை. இப்போது என்னை அஞ்சலி எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன், ஆனால் இனிப்பாக இருக்காது.

ஓய்வு பெற்று, மனைவியும் போய்ச் சேர்ந்த பிறகு, ஆரோக்கியசாமி அண்ணன் நாகமரையில் ஒரு பழைய தகரப் படகை வாங்கினார். அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் கரை அது. மூங்கிலை வளைத்துக் கட்டி, தார்ப்பாய் போர்த்தி, அதிலேயே குடியேறினார். ஓர் அடுப்பு, ஒரு சட்டி, ஒரு தட்டு, மாற்று வேட்டி, ஜெபமாலை. கோடையில் தண்ணீர் உள்வாங்கினால் படகும் அவரும் கூடவே போவார்கள். "வூடு கட்டுனா அதுக்கு நாம காவல் இருக்கோணும். இது எம் பின்னாலயே வருது பாரு" என்பார்.

ஒரு பொங்கலுக்குப் புது எவர்சில்வர் டம்ளர் கொண்டுபோனேன். வாங்கிக்கொண்டார். அடுத்த நிமிடம் தன் பழைய டம்ளரைக் கழுவி என் பையில் போட்டார்.

"ஒன்னு ஏறுனா ஒன்னு எறங்கோணும் முருகேசா."

"டம்ளர்ல என்னண்ணா கனம் இருக்குது?"

"அப்படிச் சொல்லிச் சொல்லித்தான் உங்க வூடெல்லாம் ரொம்பிக் கெடக்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அன்று அவர் கிண்டிப்போட்ட கேழ்வரகுக் களியையும் மீன் குழம்பையும் போல் என் வீட்டில் நான் தின்றதில்லை. இந்த மனிதர் பட்டினி கிடந்தார் என்று எழுதினீர்களே, கை கூசவில்லையா?

போன கோடையில் நகரத்திலிருந்து சில இளைஞர்கள் ஊர் சுற்ற வந்தார்கள். அண்ணன் அவர்களுக்கு மீன் வறுத்துக் கொடுத்தார். தின்றுவிட்டு, கரிப்பிடித்த சட்டியைப் படம் எடுத்தார்கள். நானும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். "புள்ளைங்க இல்லையா தாத்தா?" என்று ஒருவன் கேட்டான். "ஓசூர்ல பையன் இருக்கான். வா வான்னுதான் கூப்புடறான். எனக்கு இங்கதான் புடிச்சிருக்குது, இது போதும்" என்றார். 'படகுத் தாத்தா' என்று அவர்கள் போட்ட காணொளியில் முதல் வாக்கியம் மட்டும் இருந்தது. மற்ற இரண்டையும் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் சோக இசையைப் போட்டிருந்தார்கள்.

அதை ஊரெல்லாம் அனுப்பியது யார்? நீங்கள்தான். 'பெற்றவனைத் தண்ணீரில் விட்ட மகன்' என்று நம் குழுவில் எத்தனை பேர் திட்டினீர்கள்! மாதம் தவறாமல் வந்து, அப்பாவோடு ஒரு ராத்திரி படகில் படுத்துவிட்டுப் போகிற பிள்ளை ஸ்டீபன். உண்மையை எழுதினேன், ஒருவரும் கண்டுகொள்ளவில்லை.

அலுவலகத்திலும் கோயிலிலும் கேட்ட பேச்சைத் தாங்க முடியாமல் ஸ்டீபன் அழுதுகொண்டே கரைக்கு வந்தான். "ஊரே காறித் துப்புதுப்பா. எனக்காக வந்துருங்க" என்றான். அண்ணன் படகைக் கருவேல மரத்தில் கட்டிவிட்டு மகன் பின்னால் நடந்தார். பிள்ளையின் மானத்துக்காகத்தான் அவர் இறங்கினார். உங்கள் இரக்கத்துக்காக அல்ல.

ஓசூரில், மூன்றாவது மாடியில் ஒருமுறை பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நல்லாத்தான் பாத்துக்கறாங்க முருகேசா. காலைல எழுந்தா எனக்கு ஒரு வேலையும் இல்ல, அதான்" என்றார். மழைக்காலம் வருவதற்குள் தூக்கத்திலேயே போய்விட்டார். மருத்துவர் இதயம் என்றார். இருக்கலாம். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

அவருக்கான பூசை முடிந்து பந்தியில் உட்கார்ந்தோம். நம் பணிமனை ஆள் ஒருவர்தான் சோறு வைத்தார். போதும் என்று இலைக்கு மேல் கையை நீட்டினேன். அவர் என் கையை ஒதுக்கிவிட்டு, "கூச்சப்படாதீங்க, சாப்புடுங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார். ஒருவன் போதும் என்றால் நாம் நம்புவதே இல்லை. கூச்சம் என்கிறோம், இல்லாமை என்கிறோம், பாவம் என்கிறோம். அவன் கையைத் தள்ளிவிட்டு வைக்கிறோம். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

கை கழுவும் இடத்தில் ஸ்டீபன் என் தோளைப் பிடித்தான். "நான் கூட்டியாந்திருக்கக் கூடாதுங்களா சித்தப்பா?"

"உம்மேல தப்பில்ல சாமி" என்றேன்.

யார் மேல் தப்பு என்று அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். ஆரோக்கியசாமி அண்ணன் கேமராவைப் பார்த்தே சொன்னார், தனக்கு இது போதும் என்று. அந்தச் சொல்லை அவர்கள் வெட்டினார்கள், நான் எழுதியும் நீங்கள் தூக்கி எறிந்தீர்கள். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.