பச்சை ஒயரும் லேக் கார்டன்ஸ் பள்ளமும்

காலை ஏழரை மணிக்குக் கொல்கத்தாவில் இறங்கும்போதே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். கட்டுமான இயந்திரங்களின் மின்னணுக் கோளாறுகளைச் சரிசெய்வது என் பிழைப்பு. சென்னை விமான நிலையத்தில் என் மீட்டரையும் அதன் ஒயர்களையும் பார்த்ததும் பையை மூன்று முறை கொட்டச் சொன்னார்கள். அள்ளிப் போடும் வேலை மட்டும் எனக்கு. வெளியே வந்து மஞ்சள் டாக்சி பிடித்தேன். லேக் கார்டன்ஸுக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அறுநூறு ரூபாய். பைபாஸில் பாதி வழி நின்றே போனோம். "மழை எப்போது வரும்?" என்று ஓட்டுநரைக் கேட்டேன். "சாயங்காலம் கட்டாயம், தாதா. வீடு போய்ச் சேர்ந்துவிடுங்கள்" என்றார் இந்தியில்; தாதா என்றால் இங்கே அண்ணன். என்னை வரவழைத்ததே அந்த மழைதான் என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

ஒன்பதரை மணி. குறுகலான சந்துக்குள் ஓர் அடுக்குமாடிக்காக வெட்டிய பள்ளம். அதன் விளிம்பில் ஒரு பழைய மாடி வீடு. பள்ளத்தின் ஓரமாகக் கான்கிரீட் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவருக்கும் வீட்டுக்கும் நடுவில் மண் நிரப்புவதுதான் பாக்கி. நிரப்பவேண்டிய எக்ஸ்கவேட்டர் பத்து நாளாகப் படுத்துக் கிடக்கிறது. வேறு வண்டி கேட்டால் எல்லாம் வேறு இடங்களில் ஓடுகிறதாம். மழைத்தண்ணீர் அந்த இடைவெளியில் இறங்கினால் வீட்டின் அஸ்திவாரத்து மண் சரியும். வீட்டுச் சுவரில் ஏற்கெனவே என் விரல் நுழையும் அளவுக்கு விரிசல்.

மாடி பால்கனியில் நின்ற அம்மாள் தமிழிலேயே விசாரணையைத் தொடங்கிவிட்டார். பெயர் கோமதி, கணவர் துறைமுக அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்.

"நீங்கதான் மெட்ராஸ் இன்ஜினியரா? இன்னிக்கு மண்ணு விழுமா, விழாதா? அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி ஒரு வாரந்தான் ஆறது. நாலு பேர் தூக்கினாத்தான் படியிறங்க முடியும். மண்ணு விழலேன்னா மழைக்கு முன்னாடி காலி பண்ணணும்னு கட்டடக்காரா சொல்லிட்டா. வெறுமனே சரின்னு தலையாட்டாதீங்கோ, இவா பாஷைல 'ஹோபே நா', நடக்காதுன்னா நடக்காதுன்னு சொல்லிடுங்கோ."

முடியும் என்றேன். அப்போது அப்படித்தான் நினைத்தேன்.

இந்த வண்டியில் இன்ஜினுக்கு ஒரு கணினிப் பெட்டி, ஹைட்ராலிக் பம்புக்கு ஒன்று, ஆபரேட்டர் முன்னால் ஒரு திரை. மூன்றும் பேசிக்கொள்வது மஞ்சளும் பச்சையுமாக முறுக்கிய இரண்டே மெல்லிய ஒயர்களில். பேச்சு அறுந்தால் இன்ஜின் முனகும், கை தூக்காது. சாவியைப் போட்டு அளந்தேன். எல்லா அளவும் சுத்தம். இன்ஜினைக் கிளப்பினேன். கொஞ்ச நேரம் நன்றாக ஓடியது. பிறகு திரையில் 'தொடர்பு இல்லை'. நிறுத்தி அளந்தால் மறுபடியும் சுத்தம். டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் ஓடிப்போகும் பிள்ளையைப் போல இருந்தது. இணைப்புகளைத் துடைத்தேன், கொண்டுபோன மாற்றுத் திரையைப் போட்டேன், பம்பின் பெட்டியைக் கழற்றி மாட்டினேன். தலைகீழாக நின்றும் பலன் இல்லை.

ஆபரேட்டர் முருகேசன் சங்ககிரிக்காரர். வந்து ஒரு மாதம், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது.

"யாராவது ஒயர்ல கை வெச்சாங்களா?"

"எலி கடிச்சுதுங்க சார். மஞ்ச மட்டுந்தான். பாபியக் கூப்ட்டு ஒட்டுப் போட்டமுங்க. வேற ஒண்ணுந் தொடலீங்க."

பாபி பவானிபூரில் வீட்டு ஒயரிங் செய்கிறவர். அவரையும் வரவழைத்து இந்தியில் கேட்டேன். "கெட்டுப்போனதைத்தான் மாற்றினேன், தாதா. நல்லதில் கை வைப்பேனா?" என்றார், நெஞ்சில் கை வைத்து. இருவர் சொன்னதும் ஒன்றாகவே பட்டது. பசியும் சேர்ந்துகொள்ள, ஆட்டோவில் லேக் மார்க்கெட் போய் இட்லி தின்றேன். சாம்பார் இனித்தது. அதற்கும் கோபப்பட்டேன்.

திரும்பியபோது இரண்டரை. வானம் இருட்டத் தொடங்கியிருந்தது; பால்கனிக் கதவருகே இரண்டு பெட்டிகள் கட்டித் தயாராக நின்றன. "அன்னிக்கு என்ன நடந்துது, அப்படியே செஞ்சு காட்டுங்க" என்று முருகேசனிடம் கத்தினேன். அவர் கேபினுக்குப் பின்னால் போய், கறுப்புக் குழாய்க்குள் போகும் ஒயர்கள் மேல் விரலை வைத்தார்.

"மஞ்ச கடிபட்டிருக்குது. இதத் தொட்டுப்போடாத, இது பச்ச! பச்ச! அப்படின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனுங்க."

பாபி உற்சாகமாகத் தலையாட்டினார். "ஹாங், ஹாங், பச்சா!"

மேலே இருந்து 'ஐயோ' என்று ஒரு சத்தம். கோமதி மாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"ராமா! பெங்காலில பச்சான்னா அழுகிப்போனதுன்னு அர்த்தம்! அவர் பச்சைன்னு சொல்லியிருக்கார், இவன் அழுகல்னு எடுத்துண்டிருக்கான்!"

அப்படியே பாபியிடம் வங்காளத்தில் பொரிந்தார். பாபி ஒப்புக்கொண்டார்: மஞ்சளை ஒட்டிவிட்டு, ஆபரேட்டரே தொட்டுக் காட்டி 'அழுகல், அழுகல்' என்று கதறியதால், பச்சையைக் கை நீளத்துக்கு வெட்டி எறிந்துவிட்டுப் புது ஒயர் போட்டிருக்கிறார். வீட்டுக்குப் போடும் முதல்தர ஒயர். அதை முறுக்காமல் தனியாக, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் கேபிளோடு சேர்த்து அழகாகக் கட்டி, டேப் சுற்றி மூடியும் இருக்கிறார்.

முறுக்கு இருந்தால் பக்கத்துக் கேபிளின் மின் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி விழுந்து கழிந்துபோகும். தனியே பிரித்த ஒயருக்கு அந்தக் காப்பு இல்லை. இன்ஜின் ஓடாதவரை கேபிளில் இரைச்சலே கிடையாது. என் மீட்டர் பொய் சொல்லவில்லை. யாரைத் திட்டுவது? இரண்டு பேரும் அவரவர் பாஷையில் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறார்கள். கோபத்தைக் கொட்ட ஆள் கிடைக்காதது எனக்குப் பெரிய ஆத்திரமாக இருந்தது.

புது ஜோடி ஒயரை முறுக்கி, கேபிளை விட்டு விலக்கிக் கட்டிக் கிளப்பினேன். அரை மணி நேரம் திரையையே முறைத்துக்கொண்டிருந்தேன். தொடர்பு அறவில்லை. நாலு மணிக்கு முருகேசன் முதல் வாளி மண்ணைச் சுவரோரம் கொட்டினார்.

ஆறரைக்குத் தூறல் விழுந்தபோது இடைவெளியில் முக்கால் பங்கு நிரம்பியிருந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை நடந்தது. எதிர்வீட்டுக்காரர்கள் நாலைந்து பேர் குடையோடு வந்து, பிள்ளைகள் படிக்கவேண்டும், இரைச்சலை நிறுத்துங்கள் என்று சண்டை பிடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சென்னையில் எங்கள் தெருவில் கட்டட வேலை நடந்தபோது, சத்தம் தாங்காமல் போலீசுக்குப் போன் செய்தவன் நான்.

கோமதி மாமி நனைந்தபடி கீழே இறங்கி வந்து, வங்காளத்தில் கும்பிட்டுக் கும்பிட்டு ஏதோ சொன்னார். அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தார்கள். டாக்சிக்காகக் கிளம்பிய என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"அந்த வண்டி விடியற வரைக்கும் கத்தட்டும், சார். அவர் மாடில நன்னாத் தூங்கறார். அது நின்னுபோச்சுன்னாத்தான் நான் முழிச்சுண்டு உக்காந்திருக்கணும்."