வாத்து பொய் சொல்லாது

ஆராய்ச்சி நிலையத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எச்சக்கா என்றால்தான் திரும்பிப் பார்ப்பாள். எச்சமும் அக்காவும் சேர்ந்து எச்சக்கா. பள்ளிக்கூடத்தில் பெயரெச்சத்துக்கும் வினையெச்சத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் முழித்தவள், இன்று பறவை எச்சத்தைப் பார்த்தே எந்த வாத்து எந்தக் குளத்தில் மேய்ந்தது என்று சொல்லிவிடுவாள். விதி யாரை விட்டது!

நிலையத்துக்குப் பின்னால் இரண்டு குளங்கள். முதல் குளத்தில் மீன் உண்டு, இரண்டாவதில் கிடையாது. காலையில் கரையோரம் போய் வாத்து எச்சத்தைச் சின்னக் கரண்டியால் குப்பியில் எடுக்க வேண்டும். எந்தக் குளம் என்று சீட்டு ஒட்டி, தண்ணீரில் கரைத்து, நுண்ணோக்கியில் பார்த்து எண்ண வேண்டும். மீன் இருக்கிற குளத்தில் பூச்சி புழுவையெல்லாம் மீனே தின்று தீர்த்துவிடும். வாத்துக்கு விதையும் பாசியும்தான் மிச்சம். மீன் இல்லாத குளத்து வாத்துக்குத் தினமும் விருந்து. அதன் எச்சத்தில் வண்டுக் காலும் இறக்கையுமாக மின்னும். அப்போது எச்சக்காவுக்கு வருகிற சந்தோஷம் நகைக்கடையில்கூட வராது. மூக்கைப் பிடிக்கிற பழக்கமெல்லாம் முதல் வாரத்தோடு போயிற்று.

அப்படியிருக்க, இந்த வருஷம் இரண்டாம் குளத்துக் குப்பிகளில் வண்டுக் கால் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. வெறும் விதை. மேலதிகாரி அம்மா தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, சீட்டை மாற்றி ஒட்டியிருக்கிறாய் என்றார். அப்படியானால் மூன்று வருஷ உழைப்பும் குப்பைக்குத்தான், எச்சக்காவும் மறுபடி குப்பி கழுவப் போக வேண்டியதுதான் என்றார். ஆனாலும் அவள் விடவில்லை.

"வாத்து பொய் சொல்லாது மேடம். ரெண்டாம் குளத்துல மீன் இருக்கு. வலை போட்டுப் பாருங்க."

மறுநாள் மதியம் நிலையமே கரையில் கூடியது. முதல் இழுப்பில் பாசியும் ஒற்றைச் செருப்பும் வந்தன. காவலாளி சிரித்தார். இரண்டாம் இழுப்பில் வலை கனத்தது. மேலே வந்ததும் ஒரே ஆரஞ்சு நிறம். உள்ளங்கை அகலத்துக்குத் தங்கமீன்கள், கூடவே குஞ்சுகள் நூற்றுக்கணக்கில். எச்சக்கா தலைகால் புரியாமல் குதித்தாள். மேலதிகாரி அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து, சுற்று சுற்றென்று சுற்றினாள். அவரும் சுற்றினார், வேறு வழியில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்து சேர்ந்தார் வேன் ஓட்டும் அவள் வீட்டுக்காரர். கூட்டத்தை விலக்கி வலைக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு கண்ணைச் சுற்றி மட்டும் கறுப்பு வளையம் போட்ட பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்து மூடியது. அவர் முகம் மலர்ந்தது.

"அடடே, நம்ம கண்ணாடிக்காரன்! எப்படி வளர்ந்துட்டான் பாரு."

எல்லாரும் எச்சக்கா பக்கம் திரும்பினார்கள். போன வருஷம் வீட்டு மீன்தொட்டியைக் கழுவிக் கழுவி அலுத்துப்போய், இதுகளுக்கு ஒரு வழி பண்ணுங்க என்று கத்தியவள் அவள்தான். கடையில் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்னதை நம்பியவளும் அவள்தான். கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றான், கொல்ல மனசு வரவில்லை, சாப்பாடு கொண்டுவந்தபோது பார்த்தால் இந்தக் குளம் மட்டும் மீனே இல்லாமல் பாவமாகக் கிடந்தது என்று வீட்டுக்காரர் தரையைப் பார்த்து முணுமுணுத்தார். வாத்து வயிற்றுக்குள் இருப்பதைச் சொல்கிறவளுக்குக் கட்டினவர் மனசில் இருந்தது தெரியவில்லை. வேலை போச்சு என்று நினைத்தாள்.

மேலதிகாரி அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு கரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

"இந்தக் குளத்துல மீன் விட்டா வாத்து சாப்பாடு எப்படி மாறும்னு பார்க்க, ரெண்டு வருஷமா அனுமதி கேட்டு எழுதிட்டிருக்கேன்மா. உன் வீட்டுக்காரர் ஒரு வாளியில முடிச்சிட்டாரு."

சிரிப்பு அடங்காமலே பதிவேட்டை வாங்கி எழுதினார். எச்சக்கா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். அந்தப் பதிவேட்டில் அவள் பெயர் ஏறியது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் குளம்: மீன் உண்டு. கண்டுபிடித்தது எச்சக்கா. விட்டது அவர் கணவர்.