இடது பக்கம் ஆறுச்சாமி, வலது பக்கம் அஜீஷ்

அஜீஷ் என்ற பேரைக் கேட்டாலே ஆறுச்சாமிக்கு வயிறு எரியும். பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பியாயிற்றே, எரியலாமா என்று கேட்டால்? எரியத்தான் செய்தது. கொச்சி மட்டாஞ்சேரியில், ஜூ டவுன் என்கிற யூதர் தெருவுக்குப் பின்னால் இருக்கிற வொர்க்‌ஷாப் ஆறுச்சாமியுடையது; அஜீஷ் அதில் வேலை பார்ப்பவன்தான். ஆனால் வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசலிலேயே நின்று, "அஜீஷ் உண்டோ?" என்றுதான் கேட்கிறான். வீட்டிலும் அதே கதை. பெண்டாட்டி காளியம்மை மீன் பொரித்தால் நடுத்துண்டு தம்பிக்கு. "எலும்பும் தோலுமா இருக்கான், பாவம்" என்பாள். எலும்பும் தோலுமாம்! காளை மாதிரி இருக்கிறான், தடியன்.

அன்று மதியம் மிளகு வியாபாரி ராமபத்ரன் தன் பழைய எஸ்யூவியைக் கொண்டுவந்து நிறுத்தினார். குழியில் இறங்கினால் முன்பக்கம் கடகடவென்று ஆடுகிறது, பிரேக் பிடித்தால் கிறீச்சென்று கத்துகிறது.

"விடிஞ்சா குடும்பத்தோட கல்பாத்தி தேருக்குப் போணும், ஆறுச்சாமி. சாயங்காலத்துக்குள்ள முடியுமோ?" என்றவர், ஷெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். "அஜீஷ் இருக்கானோல்லியோ?"

ஆறுச்சாமிக்குச் சுருக்கென்றது. "நான் இருக்கேன் சாமி" என்றான். இன்றைக்கு இந்த மனுஷன் வாயால் தன் பேரைச் சொல்ல வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு கட்டிவிட்டான்.

நேரம் இல்லாததால் ஆளுக்கொரு பக்கம். இடது ஆறுச்சாமி, வலது அஜீஷ். ஜாக்கியில் தூக்கி, டயரைக் கழற்றி, தேய்ந்த பிரேக் பேடு, ஒழுகின ஷாக் அப்சார்பர், கிழிந்த ரப்பர் புஷ் எல்லாம் மாற்ற வேண்டும். அஜீஷ் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தான். அந்தச் சீட்டி வேறு ஆறுச்சாமியின் காதைக் குடைந்தது. அந்த ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டை மட்டும், வண்டியைத் தரையில் இறக்கி, பாரம் டயரில் உட்கார்ந்த பிறகுதான் முறுக்க வேண்டும்; இல்லாவிட்டால் ரப்பர் திருகிக்கொள்ளும். ஆறுச்சாமிக்குத் தெரியாததா? ஆனால் வலது பக்கம் ஸ்பானர் சத்தம் கேட்டதும் கை பரபரத்தது. ஐயோ, முந்திவிடுவானோ! வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே இழுத்து முறுக்கிவிட்டான்.

"என் பக்கம் முடிஞ்சாச்சு!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான்.

டயரை மாட்டி வண்டியை இறக்கினார்கள். அஜீஷ் அடியில் புகுந்து தன் பக்கத்தை முறுக்கிவிட்டு எழுந்து வந்தான். பார்த்தால், இடது பக்கம் இரண்டு விரல் உயரமாக நிற்கிறது! ரப்பர் முறுக்கிக்கொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. போச்சு, இனி வீடுவரைக்கும் நாறப்போகிறது என்று நினைத்தான் ஆறுச்சாமி.

அஜீஷ் வண்டியைப் பார்த்தான், ஆறுச்சாமியைப் பார்த்தான். "மச்சான், நீங்க போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாங்க" என்றான்.

போனான். வேறென்ன செய்ய? திரும்பி வந்தபோது வண்டி சமமாக நின்றது. பயல் போல்ட்டைத் தளர்த்தி, முறைப்படி மறுபடி முறுக்கியிருக்கிறான்.

ராமபத்ரன் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "இடது பக்கந்தான் ரொம்ப ஆடிண்டிருந்தது. இப்போ மூச்சு விடலை! யார் பண்ணினது?"

"மச்சான்தான் சாமி" என்றான் அஜீஷ், கையைத் துடைத்துக்கொண்டே.

"பலே ஆறுச்சாமி! இனிமே என் வண்டிக்கு நீதான்."

கேட்கத் துடித்த வார்த்தை. கேட்டாயிற்று. வண்டி தெருமுனை திரும்பும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"உன்னை யாருடா சரி பண்ணச் சொன்னது?" என்று பாய்ந்தான்.

அஜீஷ் திருதிருவென்று விழித்தான். "உங்க பேரு கெட்டா எனக்கு நல்லாவா இருக்கும், மச்சான்?"

காட்டிக்கொடுத்திருந்தால், நாலு பேர் முன்னால் சிரித்திருந்தால், ஜென்மத்துக்கும் இவனை வெறுத்துக்கொண்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணிவிட்டானே, பாவி!