மரத்தில் ஒட்டிய மீசை

நீஷ் நகரத்து ரொட்டிக்கடை ஒன்றில் விஷ்ன்யா பன்னிரண்டு வருஷமாக மாவு பிசைகிறாள். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் அசுத்தம். பிறந்தபோது வீட்டில் வைத்த ஆண் பெயர் விதோயே. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறவனுக்கு முந்தின நாள் ரொட்டிதான் கிடைக்கும்.

எட்டு மாதத்துக்கு முன் அவளுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. அவளோடு ஒரே அறையில் குடியிருந்த ஸ்லாத்தாவும் அவளைப் போலவே பெண்ணாக மாறியவள், அவளுக்கும் இருந்தது. இருவரும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சீட்டு எழுதுகிற நர்ஸ், வரிசை முழுக்கக் கேட்கும்படி, "ஆம்பளைன்னு போடவா, பொம்பளைன்னு போடவா? மொதல்ல நீங்க ஒரு முடிவு பண்ணிட்டு வாங்க," என்றாள். வரிசையே சிரித்தது. நாசமாய்ப் போன சிரிப்பு! "செத்தாலும் இந்தப் படி ஏற மாட்டோம்" என்று சபதம் போட்டுவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். மாத்திரை இலவசம், சாப்பிட்டால் பிழைத்துக்கொள்ளலாம், எல்லாம் தெரியும். ஆனாலும் வீம்பு. அந்த நர்ஸுக்கு அதனால் ஒரு தலைவலிகூட வரவில்லை.

ஸ்லாத்தா சபதத்தைக் காப்பாற்றினாள். மார்ச் மாதம் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை, கடைக்கு எதிரே மரத்தில் மரண அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஸ்லாத்தாவின் வீட்டார் அச்சடித்தது. விஷ்ன்யா கிட்டப் போய்ப் பார்த்தாள். கட்டாயப் பட்டாளத்தில் இருந்தபோது எடுத்த பழைய போட்டோ, தொப்பியும் மீசையுமாக எவனோ ஒருவன். கீழே அவளுடைய பழைய பெயர், 'ஸ்லவோல்யூப்' என்று போட்டிருந்தது. இருபது வருஷமாக உதட்டுச்சாயம் பூசாமல் குப்பை கொட்டக்கூட வெளியே வராதவள்! செத்ததும் பிடித்து மீசை வைத்துவிட்டார்கள், படுபாவிகள். கம்பம், பஸ் நிறுத்தம், எங்கே பார்த்தாலும் அதே முகம். விஷ்ன்யாவுக்கு எல்லோரையும்விடத் தன் மேல்தான் கோபம். அந்தச் சபதத்தை முதலில் எடுத்தவள் இவள்தான்.

பரபரவென்று கிழித்தாள். செத்தவர் அறிவிப்பைக் கிழிப்பது மகாபாவம். கூட்டம் கூடித் திட்டியது. கூட்டத்தில் அவளுடைய அண்ணன் ராதிஷாவும் நின்றான். பேசி ஆறு வருஷமாகிறது.

"டேய் விதோயே, ஏன்டா மானத்த வாங்குற? பொணத்தக்கூட நிம்மதியா விடமாட்டியா?"

"அது ஸ்லாத்தா இல்ல. உனக்கே தெரியும்."

"அவங்க வீட்டுப் புள்ள, அவங்க ஒட்டுறாங்க. உனக்கென்ன?" அவளை மேலும் கீழும் பார்த்தான். உடம்பு பாதியாகியிருந்தது. "உன் பட்டாளத்து போட்டோவயும் நான் எடுத்துதான் வெச்சிருக்கேன். ரொம்ப நாள் ஆகாதுபோலிருக்கே."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே போனான். அந்தச் சிரிப்பைப் பார்த்தபின் அவளுக்கு மாவில் கை போகவில்லை. மாவு படிந்த வேலை அங்கியைக்கூடக் கழற்றாமல் பஸ் ஏறினாள்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ். அவள் வாயைத் திறக்குமுன் விஷ்ன்யா முந்திக்கொண்டாள்: "கழுதைன்னு போட்டுக்கோ. டாக்டர் எங்க?"

ரத்தம் எடுத்தார்கள், எடை பார்த்தார்கள். டாக்டரம்மா மாத்திரை எழுதினாள். தினம் ஒன்று, ஒரு நாளும் தவறக் கூடாது.

"இதத் தின்னா எத்தன வருஷம் இருப்பேன்?"

"விடாம சாப்பிட்டா மத்தவங்க மாதிரிதான். ஏன், எத்தன வருஷம் வேணும் உனக்கு?"

"எங்கண்ணனுக்கு ஐம்பத்தொண்ணு. அவன் செத்து அடுத்த நாள் வரைக்கும் இருந்தா போதும்."