மோதிய வண்டி: பரிசல்

போன ஞாயிறு ஒகேனக்கல்லில் என் காரைப் பரிசல் இடித்துவிட்டது. ஆற்றில் அல்ல... நடுரோட்டில்!

மீன் வறுவல் சாப்பிட்ட திருப்தியில் ரிவர்ஸ் எடுத்தேன். கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு, பாட்டும் போட்டாயிற்று. கேமராவில் கருப்பாக ஏதோ தெரிந்தது. நிழல் என்று நினைத்தேன். நிழல் 'டமார்' என்றது.

இறங்கிப் பார்த்தால், கவிழ்த்த பரிசலைத் தலையில் சுமந்தபடி ஒரு மனிதர் தள்ளாடிக்கொண்டிருந்தார். பெயர் முனியப்பன். நல்லவேளை, அவருக்கு அடியில்லை. டிக்கிக் கதவுதான் உள்ளே போயிருந்தது.

"பரிசலு, பரிசலுன்னு கத்திக்கிட்டேதான் வந்தேனுங்க... மன்னிச்சுக்கோங்க" என்றார்.

நானும் பெரிய மனதுடன், "பரவால்ல, போங்க" என்றேன். எதற்கும் இருக்கட்டும் என்று போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் தொடங்கியது வீட்டில் பட்டிமன்றம். கிளைம் செய்வதா, வேண்டாமா? ஐந்து வருடமாக நான் பொத்திப் பொத்தி வளர்த்த நோ கிளைம் போனஸ் போய்விடுமே! செய்யாவிட்டால் டிங்கரிங் செலவு கையைக் கடிக்கும். மூன்று நாள் யோசித்தேன். "பொண்ணு பாக்க வந்தப்பக்கூட நீங்க இவ்ளோ யோசிக்கலீங்க" என்றாள் என் மனைவி கவிதா.

நான்காம் நாள் துணிந்து இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டேன்.

"மோதின வண்டி எது சார்?"

"பரிசல்."

"கார் தண்ணிக்குள்ள போயிடுச்சா சார்?"

"இல்லம்மா, ரோட்டுலதான்."

போனில் பேசிய பெண் 'பரிசல்' என்று எழுத்துக்கூட்டித் தட்டிக்கொண்டாள். பிறகு, "அவங்க பக்கம் ஏதாவது டேமேஜ் ஆச்சா சார்?" என்றாள்.

அதை நான் பார்க்கவே இல்லை! கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு முனியப்பனுக்குப் போன் போட்டேன்.

"ரெண்டு மூங்கிப் பிளாச்சு ஒடிஞ்சிருச்சுங்க. அதான் நாலு நாளா தண்ணில எறக்கல. வூட்டுலதான் இருக்கேன்" என்றார். குரலில் துளிகூடக் கோபம் இல்லை. "ஏனுங்க, காருக்கு ரொம்ப அடிங்களா?" என்று விசாரிக்க வேறு செய்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பார்க்காமல் இடித்தது நான். கத்திச் சொன்னது அவர். மன்னிப்புக் கேட்டது யார்? மன்னித்தது யார்? என் போனஸுக்காக நான் தலையைப் பிய்த்துக்கொண்ட நாளெல்லாம், அந்த மனிதர் பிழைப்பில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்!

கிளைமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று கவிதாவையும் அழைத்துக்கொண்டு மறுநாளே கிளம்பினேன். புது மூங்கில், தார், அவருடைய நான்கு நாள் கூலி... எல்லாம் என் பொறுப்பு என்றேன். முதலில் வேண்டாம் என்றவர், கவிதா வற்புறுத்தியதும் வாங்கிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் பிளாச்சு மாற்றித் தார் பூசியாயிற்று. என் டிக்கிக் கதவு மட்டும் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிச் சொன்னேன். "தப்பு என்னோடதுதாங்க. மன்னிச்சுக்கோங்க."

முனியப்பன் சிரித்தார். "பரவால்ல, போங்க... கண்ணாடிய மட்டும் எறக்கி வுட்டுட்டுப் போங்க!"