கல்யாண வீட்டில் கை நனைக்காதவள்

பொண்ணு சோடிக்கிற தொழிலுக்குச் சீப்பும் பவுடரும் கொண்டை ஊசியும்தான் வேண்டும் என்று நினைப்பீர்கள். அதற்கெல்லாம் முன்னால் வேண்டியது, எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும் ஒரு வயிறு.

கல்யாண வீட்டில் முதல் தட்டு எங்களுக்குத்தான் வரும். விடியற்காலைப் பனியில் வந்திருக்கிறாளே என்ற இரக்கத்தில், பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே ஆவி பறக்க நீட்டுவார்கள். ஹட்டன் டவுனில் சின்னதாக ஒரு அழகு நிலையம் வைத்திருக்கிறேன். சுற்றியிருக்கிற தேயிலைத் தோட்டங்களில் நான் நுழையாத கல்யாண வீடு குறைவு. ஆனால் என் வயிற்றுக்குத் தெரிந்ததெல்லாம் வெறும் சோறு, வெறும் கோதுமை ரொட்டி, அவித்த உருளைக்கிழங்கு, மாரி பிஸ்கட், பாலில்லாத பிளேன்டீ. சின்ன வயதிலிருந்தே அவ்வளவுதான். குழம்பு தொட்டுவிட்ட சோறு எனக்குச் சோறு இல்லை. வழவழப்பாக ஏதாவது நாக்கில் பட்டால் தொண்டை தானாகவே பூட்டிக்கொள்ளும். மெலிய வேண்டும் என்ற ஆசையெல்லாம் கிடையாது. நான் ஏற்கனவே என் ரவிக்கைகளைப் பிடித்துப் பிடித்துத் தைக்கிறவள்.

உங்களிலும் இப்படி, விருந்துக்கு அழைத்தால் ஒளிய இடம் தேடுகிறவர்கள் இருப்பீர்கள். தின்னாமலே தின்ற மாதிரி இலையை மடிக்கத் தெரிந்தவர்கள், பக்கத்துப் பிள்ளைக்கு ஊட்டுகிற சாக்கில் தட்டைக் காலி பண்ணுகிறவர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்ன ஆளுங்க?

கந்தப்பளைப் பக்கம் ஒரு தோட்டம். லயத்து வரிசை வீடு ஒன்றின் காம்பராவில் பொண்ணை உட்கார வைத்து முடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தேன். பொண்ணின் அம்மா தோசையும் சாம்பாரும் கொண்டுவந்தார். நேற்றே உளுந்து ஆட்டி வைத்ததாகச் சொன்னார். "வயிறு சரியில்லைங்க" என்றேன். முகம் வாடாமல் உள்ளே போய் வாழைப்பழம் எடுத்துவந்தார். பழத்தின் வழவழப்பு எனக்கு ஆகாது. அதுவும் வேண்டாம் என்றேன். மூன்றாவதாகத் தேத்தண்ணி வந்தது. எனக்கு மரியாதை செய்வதாக நினைத்துப் பால்மா நிறையப் போட்டிருந்தார். மேலே ஆடை மிதந்தது. வாங்கி, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டேன்.

லயத்தில் பிறந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு வீட்டில் தண்ணி கூடக் குடிக்காமல் எழுந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் 'என் தொண்டை பூட்டிக்கொள்ளும்' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பொண்ணுக்குக் கேட்காதபடி அந்த அம்மா என் காதருகில் குனிந்து கேட்டார். கோபத்தில் கேட்டிருந்தால் பரவாயில்லை. அழுகிற குரலில் கேட்டார்:

"எங்க வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு, நாங்க என்ன ஆளுங்கன்னு விசாரிச்சிட்டுத்தான் வந்தீங்களா?"

எனக்காகத் தின்றவர்

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் யோகன் ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர். அதுவரை என்னை இறக்கிவிட்டுப் பாதையோரம் காத்திருப்பார். இனிமேல் அவரும் உள்ளே வருவது, தட்டு வந்ததும் "அவ வேலையா இருக்கா, இங்க வைங்க" என்று வாங்கிக்கொள்வது, தன்னுடையதையும் என்னுடையதையும் சேர்த்து முடிப்பது என்று ஏற்பாடு. பாவம், ஒரே காலையில் மூன்று வீடு என்றால் ஆறு பேர் சாப்பாடு. வீட்டுக்கு வந்ததும் இஞ்சியைத் தட்டிக் குடித்துவிட்டுச் சுருண்டு படுப்பார்.

இந்தத் தந்திரம் வெகுநாள் ஓடியது. டிக்கோயாவில் ஒரு பொண்ணின் அண்ணன்தான் கண்டுபிடித்தான். யோகனின் தொந்தியையும் என் கழுத்தெலும்பையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"ஏண்ணே, நீங்க தின்னுக்கிட்டே இருக்கீங்க, அக்கா மெலிஞ்சிக்கிட்டே போறாங்க, இது என்னாங்கண்ணே ஞாயம்?"

ஒரு கண்ணுக்கு மை

வலப்பனையில் காஞ்சனா என்ற பொண்ணு. முந்தின நாள் முழுக்க எனக்குப் பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான். ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்தேன். அடுத்த கண்ணுக்குக் கையைக் கொண்டுபோனது ஞாபகம் இருக்கிறது. அப்புறம் கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

என் தலை காஞ்சனாவின் மடியில் இருந்தது. கூறைச் சேலையில் நான் ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்திய கொசுவம், நான் விழுந்ததில் முழுக்க அவிழ்ந்து தரையில் கிடந்தது. வெளியே "நேரம் போகுது, நேரம் போகுது" என்று சத்தம். யாரோ ஒரு அத்தை அவசரமாகச் சேலையைச் சுற்றிவிட்டு, பூவை ஒரு பக்கமாகச் செருகினார். அந்தப் பொண்ணின் வாழ்க்கையில் ஒரே ஒரு நாள். அந்தக் கோலத்தில்தான் கோயிலுக்குப் போனாள். கல்யாண ஆல்பத்தை எனக்குக் காட்ட அவள் பிறகு ஒருமுறை கடைக்கு வந்தாள். நான் பக்கம் புரட்டினேனே தவிர, பார்க்கவில்லை.

என்னால் மறக்க முடியாதது, அன்று அவள் எழுந்து போகும் முன் என் கையைத் தட்டிச் சொன்னதுதான்:

"நீங்க எந்திரிக்காதீங்கக்கா, ஒத்தக் கண்ணுல மையோட போனாலும் அவரு என்னையத்தான் கட்டுவாரு."

வருத்தம்

ஆஸ்பத்திரியில் இரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். பார்த்தது ஒரு சிங்கள டாக்டரம்மா. படித்துப் பழகிய தமிழில் நிதானமாகப் பேசுவார். என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டார், சொன்னேன். வேறு? வேறு இல்லை. சிரிக்கவில்லை. எப்போதிருந்து என்று கேட்டார்.

அம்மா அடித்ததைச் சொன்னேன். குழம்புச் சோற்றை வாயில் திணித்து மூக்கைப் பிடித்ததைச் சொன்னேன். கோடாங்கியிடம் கூட்டிப்போய் உடுக்கு அடிக்க வைத்ததையும், அவர் 'இது வயித்துல உள்ள கோளாறு இல்ல, வாயில உள்ள கொழுப்பு' என்று விபூதி போட்டதையும் சொன்னேன். அம்மா கொழுந்து பறிக்கிறவர். நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து ஆக்கி வைத்ததை ஒரு பிள்ளை தொடவில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? 'எம்மகளுக்குத் திமிரு' என்று கடைசி வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் டாக்டரம்மாவின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது அம்மா செத்து வருஷம் திரும்பவில்லை.

டாக்டரம்மா நீளமாக ஒரு இங்கிலீசுப் பெயர் சொன்னார். என்னைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள், இதற்கென்று கிளினிக் இருக்கிறது, மெதுவாகச் சரியாகும் என்றார். பிறகு பேனாவை மூடிவிட்டு, நோய்க்கு எங்கள் பக்கம் சொல்கிற வார்த்தையிலேயே சொன்னது, அம்மாவின் காதில் விழ வேண்டியது:

"இது திமிர் இல்ல அம்மா, இது ஒரு வருத்தம்."

பருப்பு பார்க்கும் சடங்கு

கிளினிக்கில் சாப்பாடு பழக்கிவிடுகிற ஒரு மிஸ். நான் எதிர்பார்த்த மாதிரி குழம்புக் கிண்ணத்தை நீட்டவில்லை. "உங்களுக்குப் பழக்கமான சாப்பாட்டுக்குப் பக்கத்து வீடு எது?" என்று கேட்டார். வெறும் ரொட்டிக்குப் பக்கத்து வீடு, கொஞ்சம் தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்த ரொட்டி. அது பழகியதும் அடுத்த வீடு. பருப்புக்கு வந்தபோது, ஒரு சின்னக் கோப்பையில் ஊற்றிச் சும்மா பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னார். தின்ன வேண்டாம். பிறகு முகர்ந்து பார். பிறகு உதட்டில் தொடு. துப்பலாம், தப்பில்லை.

துப்பலாம் என்று அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கடையில் மத்தியானம் ஆள் குறைந்ததும் கோப்பையை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருவேன். என்னோடு வேலை செய்கிற ஜெசிந்தா, புருவம் எடுப்பதில் கெட்டிக்காரி, சில நாள் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் நூலைப் பல்லில் கடித்தபடியே கேட்டாள்:

"ஏன்டி விஜி, நீ பருப்பத் திங்கப் போறியா, இல்ல அதப் பொண்ணு பாக்க வந்திருக்கியா?"

மூலைத் துண்டு

நுவரெலியாவில் ஒரு சிங்கள வீட்டுக் கல்யாணம். மிஸ் சொல்லிக்கொடுத்தபடி, முதல் தடவையாக, ஃபோனிலேயே சொல்லிவிட்டேன்: எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது, மருந்து எடுக்கிற மாதிரி சாப்பாடு பழகுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். போய் இறங்கியபோது பெரிய தட்டில் கிரிபத் இருந்தது. தேங்காய்ப்பாலில் இறுக்கி வெட்டிய வெள்ளைச் சோறு. பொண்ணின் சித்தி லுணுமிரிஸ் என்கிற மிளகாய்ச் சம்பல் கிண்ணத்தை என் கண்ணில் படாமல் தள்ளி வைத்துவிட்டு, ஓரத்தில் காய்ந்து இறுகிய ஒரு மூலைத் துண்டை மட்டும் எடுத்துக் கொடுத்தார்.

தின்றேன். கொஞ்சம் கொஞ்சமாக, முழுத் துண்டையும். இவ்வளவுதானா, நாலு வார்த்தை சொன்னால் போதுமா என்று நினைத்தபோது, இத்தனை வருஷம் நான் வாயைத் திறக்காமல் வந்த வீடுகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. கண் கலங்கிவிட்டது. தொண்டையில் மாட்டிக்கொண்டது என்று நினைத்த சித்தி முதுகைத் தடவிவிட்டார். மெதுவாகச் சாப்பிடு மகளே என்பதை அவர் பாஷையில் சொன்னார்:

"ஹெமின் கன்ன, துவே."

நெத்திலிச் சம்பல்

அம்மா வேலை செய்த தோட்டத்திலிருந்தே ஒரு கல்யாணம் வந்தது. பொண்ணின் பெரியம்மா, அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். நான் ஊசியைப் பல்லில் வைத்துக்கொண்டு கொண்டை போட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். தேத்தண்ணி நேரத்துக்கு எல்லோரும் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரிப்பார்களாம். அம்மாவின் நெத்திலிச் சம்பலுக்காக அடுத்த நிரையில் இருக்கிறவர்கள் கூட எழுந்து வருவார்களாம். "அதுல கறுப்பா என்னமோ ஒண்ணு போடுவா. எத்தன தடவ கேட்டும் சிரிச்சிட்டே போயிருவா. என்னா போடுவான்னு நீயாச்சும் சொல்லும்மா. நாக்குலயே நிக்கிது" என்றார்.

அம்மா அம்மியில் சம்பல் அரைக்கும்போது நான் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே தண்ணீர் கொட்டுகிற பீலிக்கு ஓடியிருப்பேன். அம்மா கையில் மிளகாய் படும் முன்பே எனக்கு வெறும் ரொட்டி தட்டித் தனியாக மூடி வைப்பார், அது தெரியும். சம்பலில் என்ன போட்டார் என்பது தெரியாது. என்ன ருசி என்பதும் தெரியாது. அம்மாவின் கை ருசியைப் பேச அந்தத் தோட்டம் முழுக்க ஆள் இருக்கிறது, பெற்ற மகளைத் தவிர. இப்போது நான் ஒரு நெத்திலியை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கும் அளவுக்கு வந்திருக்கிறேன். வைத்துக் கொடுக்க அந்தக் கை இல்லை.

தெரியாது என்று தலையாட்டினேன். பெரியம்மா நம்பவில்லை.

"நீ அவ பெத்த மகதானே, ஒனக்குத் தெரியாம வேற யாருக்கும்மா தெரியும்?"

கருவாடு

கல்யாணமான புதிதில் யோகன் ஒரு தடவை கருவாடு வாங்கி வந்தார். அது பொரிகிற வாசத்துக்கு நான் பின்பக்கம் ஓடி வாந்தி எடுத்தேன். மிச்சத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிறகு அந்தப் பேச்சே இல்லை. யாராவது விருந்தில் கருவாட்டுக் குழம்பு வைத்தால், "நம்மளுக்கு அது புடிக்காதுங்க" என்று தள்ளிவிடுவார். நானும் அப்படித்தான் போலிருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

கிளினிக் போய்க் கொஞ்சம் தெளிந்த பிறகு, அவருடைய அக்காதான் பேச்சுவாக்கில் சொன்னார், சின்ன வயதில் தம்பி கருவாடு இல்லாமல் சோற்றில் கை வைக்க மாட்டான் என்று. அன்று சாயந்தரம் நான் அவரிடம், "வாங்கிட்டு வாங்க, நான் ஜன்னலத் தொறந்து வச்சிக்கிட்டுப் பொரிச்சுத் தர்றேன்" என்றேன். சந்தோஷமாகத்தான் போனார். வரும்போது பையில் வெங்காயம் மட்டும் இருந்தது. கடை மூடியிருந்ததா என்று கேட்டேன். இல்லை, கருவாட்டுக் கடை முன்னால் கொஞ்ச நேரம் நின்றாராம். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை:

"புடிக்காது, புடிக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிச் சொல்லி, இப்ப நெசமாவே புடிக்காமப் போச்சு புள்ள."

பந்தி

போன மாதம் ஹட்டனில் ஒரு மண்டபம். பொண்ணை மணவறைக்கு அனுப்பிவிட்டு, யோகனும் நானும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். கல்யாணமானதிலிருந்து இப்படி உட்கார்ந்ததே இல்லை. பருப்பைச் சோற்றில் படாமல் ஓரமாக வைக்கச் சொன்னேன். பிறகு விரல் நுனியால் கொஞ்சம் இழுத்துப் பிசைந்தேன். முதல் வாய் தொண்டையில் நின்றது. பக்கத்தில் யோகனின் கையும் அந்தரத்தில் நின்றது. தண்ணீர் குடித்தேன், இறங்கியது. அவர் குனிந்து வேகமாகச் சாப்பிடத் தொடங்கினார். நானும் வைத்த பருப்பை முடித்தேன். அம்மா பார்த்திருந்தால் பந்தியில் உட்கார்ந்திருந்த எல்லோரையும் எழுப்பிக் காட்டியிருப்பார்.

கத்தரிக்காய், கிழங்கு, பொரியல் என்று வாளிகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இலைக்கு மேலே கையை மறித்தேன். கடைசியில் சமையல்காரரே கரண்டியோடு வந்து நின்று, மனம் நொந்து கேட்டார்:

"என்னாங்கக்கா, வெறும் பருப்போட நிறுத்திட்டீங்க, நம்ம சமையலு அவ்ளோ மோசமாவா இருக்கு?"

பொண்ணுக்குச் சேலை கட்டிவிட எனக்கு அரை மணி நேரம் போதும், ஒரு வாய் பருப்புச் சோறு விழுங்கத்தான் பாதி ஆயுசு ஆகிவிட்டது, அதையும் அந்தச் சமையல்காரர் சாப்பாட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை.