இரண்டாம் நம்பர் கவுண்டரில் மாரநாதா

ஃபெரி டிக்கெட் விற்கிறவளுக்குக் கடல், காற்று, மழை மூன்றும் நெருங்கிய சொந்தம். அவை செய்யும் தப்புக்கெல்லாம் திட்டு வாங்குவது அவள்தான். மலேசியாவின் கோலா கெடா ஜெட்டியில் பதினெட்டு வருடமாக, இரண்டாம் நம்பர் கவுண்டரில், லங்காவித் தீவுக்கு டிக்கெட் கொடுக்கிறேன். வங்கியோ கிளினிக்கோ தபால் நிலையமோ, கண்ணாடிக்கு உள்பக்கம் உட்கார்ந்து பிழைக்கும் சக பாவிகளே, இது உங்களுக்காகத்தான்.

கடல் எப்படி இருக்கு?

ஒரு அம்மா வரிசையில் நின்றபடி ஐந்து தடவை கேட்டார், "கடல் எப்படி இருக்கு?" நான்கு தடவை ஒழுங்காகப் பதில் சொன்னேன். ஐந்தாவது தடவை, "உப்பா இருக்கு, வேணும்னா குடிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை, புகார்க் கடிதம் எழுதினார்.

என் பேரில் வந்த மூன்றாவது கடிதம் அது. மேனேஜர் என்சிக் ரஷீத் (மலாயில் 'என்சிக்' என்றால் 'ஐயா') குரலை உயர்த்தாத மனிதர். மூன்றையும் மேசையில் வரிசையாக வைத்து, ஸ்டோர் பேச்சை எடுத்தார். ஸ்டோர் என்பது ஜெட்டிக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத அறை. பழைய லைஃப் ஜாக்கெட்டுகளைத் தரம் பிரிக்கிற வேலை. நாள் முழுக்க மனித முகம் பார்த்துப் பழகியவளுக்கு அது சிறை. பயந்துபோனேன், வீட்டில்கூடச் சொல்லவில்லை. அவர் மலாயில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "ஸ்டெல்லா, இன்னொரு லெட்டர் வந்தால் கவுண்டர் கிடையாது, ஸ்டோர்தான்."

கெம்போங் மீனும் நானும்

அலோர் ஸ்டாரில் எங்கள் கத்தோலிக்கக் கோவிலில் புதன்கிழமை சாயங்காலம் ஒரு சின்ன தியானக் கூட்டம் நடக்கும். வாயை அடக்கக் கற்றுக்கொள்ள அதில் போய்ச் சேர்ந்தேன். நடத்துவது தெரேசா அக்கா. முதுகை நிமிர்த்தி உட்கார வேண்டும், கண்ணை மூட வேண்டும், மனதுக்குள் ஒரே ஒரு சொல்லை நிதானமாகச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்: மா... ரா... நா... தா. இயேசு பேசிய அரமேய மொழியில் 'ஆண்டவரே வாரும்' என்று அர்த்தம். வேறு எதையும் கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம். இவ்வளவுதான் பாடம்.

முதல் நாள் நான் யோசித்ததெல்லாம் வீட்டில் பொரிக்க வேண்டிய கெம்போங் மீனைப் பற்றி. பிறகு என்சிக் ரஷீத் வந்தார். பிறகு அந்தக் 'கடல் எப்படி' அம்மா வந்தார். அவரோடு மனதுக்குள் இன்னொரு தடவை சண்டை போட்டேன். முடிந்ததும், எனக்கு ஒன்றுமே நடக்கவில்லையே என்று அக்காவிடம் முறையிட்டேன். அக்கா சொன்னார்: "ஒண்ணும் நடக்காம இருபது நிமிஷம் நீ வாய மூடிக்கிட்டு இருந்தியே, அதுவே அதிசயம்லா!"

யாரைக் கூப்பிடுகிறேன்?

சாயங்கால தியானத்துக்கு டீ இடைவேளைதான் கிடைத்தது. இடமோ, எந்த அறைக்குப் பயந்தேனோ அதே ஸ்டோர். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்டூலில் விறைப்பாக உட்கார்ந்திருப்பேன். மனதுக்குள் சொல்ல வேண்டியது எனக்கு உதட்டில் வந்துவிடும். அது என் கெட்ட பழக்கம். ஒன்றாம் நம்பர் கவுண்டர் லெட்சுமி ஒருநாள் உள்ளே வந்து, என்னைப் பார்த்து, சத்தம் போடாமல் வெளியே போய்க் கதவருகே நின்றுகொண்டாள். யாரையும் உள்ளே விடவில்லை. அன்று முதல் தினமும் காவல் நின்றாள். அவளுக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "அக்கா, எங்க மாரியாத்தாவக் கூப்பிடறதுன்னா முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுங்க, பாதியில இழுத்தா அவளுக்குப் புடிக்காது."

வாடிக்கையாளரின் கவலை

கூலிம் ஹைடெக் தொழிற்பூங்காவில் வேலை செய்யும் ஒரு அண்ணன், வருடா வருடம் குடும்பத்தோடு லங்காவி போகிறவர், போன வாரத் தேதி போட்ட டிக்கெட்டை நீட்டி இன்றைக்குத்தான் என்று சாதித்தார். பழைய ஸ்டெல்லாவாக இருந்தால் காலண்டரைக் கழற்றிக் கையில் கொடுத்திருப்பாள். நான் ஒரு மாரநாதா சொன்னேன், இன்னொன்று சொன்னேன், பிறகு சிரித்த முகத்தோடு தேதியைக் காட்டினேன். அவர் தேதியைப் பார்க்கவில்லை. கண்ணாடியில் நெற்றி படக் குனிந்து என்னைப் பார்த்தார்: "என்னாச்சு அக்கா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

மைக்

பள்ளி விடுமுறையின் முதல் சனிக்கிழமை. காலையில் காற்று எழுந்தது, மழை கொட்டியது, ஃபெரி எல்லாம் நிறுத்தம். கூடம் முழுக்கப் பெட்டி, பிள்ளைகள், கூச்சல். லெட்சுமி லீவு. என்சிக் ரஷீத் என் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியை ஒருவர் தட்டினார், பிறகு பத்துப் பேர் தட்டினார்கள். மைக்கில் அறிவிப்பைச் சொல்லி முடித்தேன். எனக்குள் அந்தப் பழைய சூடு ஏறுவது தெரிந்தது. வாய் திறந்தால் ஸ்டோர்தான். கண்ணை மூடி ஆரம்பித்தேன்.

கூச்சல் அடங்கியது. தியானத்தின் பலன் என்றுதான் நினைத்தேன். கண்ணைத் திறந்தால் கூடமே என்னைப் பார்க்கிறது. மைக்கை அணைக்க மறந்திருக்கிறேன்! மலாயில் 'மாரா' என்றால் கோபம். கவுண்டர் பெண் கண்ணை மூடிக்கொண்டு, "மாரா... மாரா..." என்று ஒலிபெருக்கியில் முனகினால் ஜனங்கள் என்ன நினைப்பார்கள்? செத்தேன் என்று இருந்தது. தோளில் பிள்ளை தூங்க, ஒரு மலாய்க்காரர் மெல்லக் கண்ணாடி அருகே வந்தார். "கோபப்படாதீங்க அக்கா, நாங்களும் கோபமா இல்ல" என்று மலாயில் சமாதானம் சொன்னார். முதலில் சிரித்தது நான்தான். அதுவும் மைக்கில் போனது. கூடமே சிரித்தது, தானாக வரிசை நின்றது. மத்தியானத்துக்குள் அத்தனை பேருக்கும் தேதி மாற்றிக் கொடுத்தேன். ஒருவர்கூட முறைக்கவில்லை. பதினெட்டு வருடத்தில் அப்படி ஒரு நாளை நான் கண்டதில்லை.

அடுத்த வாரம் என்சிக் ரஷீத் கூப்பிட்டார். மேசையில் நான்காவது கடிதம். அவரே வாசித்தார். எழுதியவர் அந்த மலாய்க்காரர்: எங்களைவிட அதிகக் கோபத்தை அடக்கிக்கொண்டு எங்கள் எல்லோருக்கும் உதவிய இரண்டாம் நம்பர் அக்காவுக்கு நன்றி. நான் அழுதேவிட்டேன். என்சிக் ரஷீத் கடிதத்தை மடித்து என் கையில் கொடுத்தார்: "ஸ்டெல்லா, அந்த மாரா வித்தையை எனக்கும் சொல்லிக் கொடு, வீட்டில் தேவைப்படுகிறது."

'ஆண்டவரே வாரும்' என்று நான் விடாமல் கூப்பிட்டேன், அவரும் வந்தார், ஆனால் புகார்க் கடிதம் வருகிற அதே உறையில் வந்து என் உயிரை வாங்கிவிட்டார்.